நீரிலிருந்து எடுத்த உடல்: மலையகத்தில் எந்தப் பரிசோதனையை நம்புவது?

இலங்கை மலையகத்தின் நீர்த்தேக்கங்களான காசல்ரீயிலோ மவுசாக்கலையிலோ தலவாக்கலைப் பக்கம் மேல் கொத்மலையிலோ ஒருவருடைய உடல் கரைக்கு எடுக்கப்பட்டால், பொலிஸ் வரும் முன்பே கூட்டம் காரணத்தைச் சொல்லிவிடும். தண்ணீரில் மூழ்கிவிட்டார். பல தடவை அது சரியாகவே இருக்கும். ஆனால் குளிக்க இறங்கியவருக்கு அங்கேயே மாரடைப்பு வந்திருக்கலாம். வலிப்பு உள்ளவர் ஓடைநீர் கொட்டும் பீலிக்குக் கீழே முழங்கால் அளவு நீரில் குப்புற விழுந்திருக்கலாம். பூச்சிமருந்து குடித்தவர் நீரில் இறங்கியிருக்கலாம். வேறெங்கோ அடிபட்டு இறந்தவரை இரவில் கொண்டுவந்து போட்டிருக்கலாம். இவர்கள் எல்லோருடைய உடலும் இரண்டு மூன்று நாள் நீரில் கிடந்துவிட்டால், வெளியிலிருந்து பார்க்க ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் இருக்கும்.

உள்ளங்கையும் பாதமும் வெளுத்துச் சுருங்குவதை வைத்து "மூழ்கித்தான் செத்திருக்கிறார்" என்று உறுதியாகச் சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். அது உடல் நீரில் கிடந்ததற்கு மட்டுமே அடையாளம். இறந்தபின் போட்டாலும் தோல் அப்படித்தான் சுருங்கும். மயிர்க்கால்கள் புடைத்து நிற்பதும் அதே கதைதான். மிதப்பதும் மூழ்குவதும் கூட ஒன்றையும் நிரூபிக்காது. அழுகும்போது உடலுக்குள் சேரும் வாயுதான் உடலை மேலே கொண்டுவருகிறது. நுவரெலியா உயரத்தில் நீர் குளிர்ந்திருப்பதால் அதற்கு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மூழ்கி இறந்தார் என்று தனியாக நின்று நிரூபிக்கிற ஒற்றை அடையாளம் இன்றுவரை மருத்துவத்தில் இல்லை. அதனால் கேள்வி எப்போதும் ஒரு தெரிவாகத்தான் வருகிறது: கையில் இருக்கும் நேரத்தையும் வசதியையும் வைத்து எந்தப் பரிசோதனையைக் கேட்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? மலையக வைத்தியசாலைகளுக்குப் புதிதாக வரும் வைத்தியர்களுக்கும், குடும்பத்தின் சார்பில் பேசப்போகும் சட்டத்தரணிகளுக்கும், லயத்திலிருந்து ஓடிவரும் தோட்டத் தலைவர்களுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் மலைநாட்டில், சீக்கிரம் செய்யப்படும் முழுமையான பிரேத பரிசோதனையும், அன்றைக்கே எடுத்துவைக்கும் ஒரு போத்தல் நீரும், தூரத்து ஆய்வகத்தின் எந்தப் பெரிய பரிசோதனையையும் விடப் பெறுமதியானவை.

தெரிவு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ தேவை என்று கருதினால் அரச வைத்திய அதிகாரியிடம் பிரேத பரிசோதனை கேட்கலாம். "சாட்சி இருக்கிறதே, எதற்கு வெட்டவேண்டும்" என்று குடும்பம் அழும்போது அந்த அதிகாரி மனமிரங்குவது இயல்பு. ஆனால் அந்தச் சாட்சி பார்த்தது என்ன என்று கேட்டாகவேண்டும். விழுந்ததைப் பார்த்தாரா, தத்தளித்ததைப் பார்த்தாரா, அல்லது உடல் மிதந்ததை மட்டும் பார்த்தாரா? மூன்றுக்கும் எடை வேறு. தத்தளித்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் பிரேத பரிசோதனையை விட்டுக்கொடுக்கக்கூடாது.

சரி, முதல் தெரிவு அதுதான்: முழுமையான பிரேத பரிசோதனை. உயிரோடு நீருக்குள் போனவர் மூச்சை அடக்கி, முடியாமல் இழுத்து, இருமி, மறுபடி இழுக்கும்போது நீரும் காற்றும் சளியும் நுரையீரலுக்குள் கடையப்படுகின்றன. தயிர் கடையும்போது எழும்புவது போன்ற நுண்ணிய வெள்ளை நுரை அப்படித்தான் உண்டாகிறது. சில வேளை இளஞ்சிவப்பாகவும் இருக்கும். வாயிலும் மூக்கிலும் துடைத்துவிட்டால், மார்பை அழுத்தும்போது மறுபடி வரும். மூச்சு இருந்தால்தான் இந்தக் கடைசல் நடக்கும் என்பதால் இது மதிப்புள்ள அடையாளம். உள்ளே திறந்தால், நுரையீரல்கள் ஊதிப்பெருத்து, இதயத்துக்கு முன்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, விலா எலும்புகளின் தடத்தோடு இருக்கும். மேற்பரப்பில் மங்கலான இரத்தப் புள்ளிகள் தெரியலாம். இரைப்பையில் நீர், சிறுகுடலின் தொடக்கத்தில் நீர், மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் உள்ள ஸ்பீனொயிட் எலும்பறைக்குள் நீர் என்று ஒன்றுக்கு மேல் ஒன்று சேரும்போது படம் தெளிவாகிறது.

அந்த எலும்பறையைத் திறப்பதற்கு ஒரு உளியும் ஒரு ஊசிக்குழலும் சில நிமிடங்களும் போதும். ஆனாலும் அவசரத்தில் விட்டுவிடப்படுகிறது. விடக்கூடாது. அதே நேரம், மூழ்காதவர்களிலும் அங்கே திரவம் காணப்படுவதுண்டு. அழுகல் தொடங்கினால் இன்னும் கூடும். ஆக அதுவும் துணைச்சான்றுதான்.

நுரையைப் பற்றி மலையகத்தில் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நுரை வேறு காரணங்களாலும் வரும்: இதயம் செயலிழக்கும்போது, வலிப்பின்போது, தலையில் பலத்த காயம் பட்டால், போதைப்பொருள் அளவு மீறினால். எங்கள் பக்கம் அதைவிட முக்கியமானது ஓகனோபொஸ்பேற்றுப் பூச்சிகொல்லி. அது மூச்சுக்குழாயில் சளியைப் பெருக்கி வாயில் நுரை தள்ள வைக்கும். அந்த வகையைச் சேர்ந்த டைமெத்தோயேற்று, பென்தியன், களைகொல்லியான பரகுவாட் ஆகிய மூன்றும் இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அந்தத் தடை பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பூச்சிமருந்து இன்றும் கைக்கு எட்டும் பொருள்தான். நீரில் கிடந்த உடலில் நுரையைக் கண்டு, இரத்தமும் இரைப்பைப் பொருளும் எடுக்காமல் மூடிவிட்டால், ஒரு நச்சு மரணம் விபத்தாகப் பதிவாகிவிடும். நஞ்சுப் பரிசோதனைக்கான மாதிரிகள் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகவேண்டும், முடிவு வரக் காத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் மாதிரி எடுத்து வைப்பதற்குக் காத்திருப்பு எதுவும் இல்லையே. மதுவைத் தேடும்போது கண்ணுக்குள் இருக்கும் திரவத்தையும் எடுப்பது நல்லது. அழுகும் இரத்தத்தில் அல்ககோல் தானாகவே உண்டாகும், கண் திரவத்தில் அது தாமதமாகவே நடக்கும்.

இந்தத் தெரிவின் பலவீனம் நேரம். நுரையும் நுரையீரலின் ஊதலும் அழுகலில் போய்விடும். நீர் நுரையீரலிலிருந்து மார்புக் குழிக்குள் கசியும். நுரையீரல் சுருங்கி ஒன்றுமில்லாததுபோல் ஆகும். முதல் நாள் பார்த்திருந்தால் எளிதாகச் சொல்லியிருக்கக்கூடியதை, நான்காம் நாள் திறமையான சட்ட வைத்திய அதிகாரியாலும் சொல்ல முடியாது. மலையின் குளிர் கொஞ்சம் அவகாசம் தருகிறது என்பது உண்மை. ஆனால் நீரிலிருந்து எடுத்தபின் அழுகல் வேகமெடுக்கும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த உடலைத் திங்கட்கிழமை பார்ப்பது என்பதை யாரும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளக்கூடாது.

காயங்களும் இங்கே குழப்பும். கொத்மலை ஓயா, கெசல்கமு ஓயா போன்ற ஆறுகளில் பாறைகள் நடுவே இழுபட்ட உடலில் நெற்றி, முழங்கை, முழங்கால், புறங்கை எல்லாம் உரசியிருக்கும். உடல் பெரும்பாலும் குப்புறக் கவிழ்ந்து, தலையும் கைகால்களும் தொங்கியபடி போவதால் இந்த இடங்கள்தான் முதலில் மோதும். குடும்பத்தினர் அதைக் கண்டு "அடித்துப் போட்டிருக்கிறார்கள்" என்று கொதிப்பது புரிந்துகொள்ளக்கூடியது. மறுபக்கம், உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தின் இரத்தத்தை ஓடும் நீர் கழுவிவிடுவதால் அது இறந்தபின் பட்ட காயம்போலத் தெரியலாம். காயத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும்.

அடுத்த தெரிவு டயட்டம் பரிசோதனை. நீதிமன்றத்தில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டயட்டம் என்பது சிலிக்கா ஓடு உள்ள நுண்பாசி. ஆறு, குளம், நீர்த்தேக்கம் எங்கும் இருக்கிறது. உயிரோடு மூழ்கியவர் நீரை இழுக்கும்போது மிகச் சிறிய டயட்டம்கள் நுரையீரல் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் துடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவை சிறுநீரகம், ஈரல், மூளை, எலும்பு மச்சை வரை போகின்றன. இதயம் நின்ற உடலில் நீர் நுரையீரலுக்குள் புகலாம். மச்சைக்குள் கொண்டுபோக ஆள் இல்லை. ஆகவே நுரையீரலில் மட்டும் டயட்டம் கிடைத்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. மூடிய தொடை எலும்பின் மச்சையில் கிடைத்தால் அர்த்தம் உண்டு. ஜெர்மனியில் ரெவென்ஸ்டோர்ப் 1904இல் டயட்டமைச் சான்றாகப் பயன்படுத்தப் பார்த்தார். 1942இல் ஹங்கேரியின் இன்செ அவை இரத்த ஓட்டத்தில் பயணிப்பதைக் காட்டினார். அன்றிலிருந்து இதற்கு ஆதரவும் எதிர்ப்பும் ஓய்ந்ததில்லை.

எதிர்ப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது. டயட்டம் காற்றுத் தூசியிலும் உணவிலும் உண்டு. மூழ்காதவர்களின் உறுப்புகளிலும் கண்டதாக ஆய்வுகள் உள்ளன. திசுவை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சிய ஓடுகளை எண்ணுவதுதான் பழைய முறை. அந்த அமிலத்திலோ கண்ணாடிக் குடுவையிலோ கழுவும் நீரிலோ ஏற்கெனவே டயட்டம் இருந்தால் முடிவு பொய்யாகும். எங்கள் ஊர்களில் இது ஏட்டுச் சந்தேகம் அல்ல. மலைச்சரிவில் பல இடங்களில் குழாயில் வருவது மேலே உள்ள ஓடையின் நீர்தான். அந்த நீரில் கத்தியைக் கழுவி, அதே கத்தியால் சிறுநீரகத்தை வெட்டினால், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? காய்ச்சி வடித்த நீர், புதிய கத்தி, வெட்டாத சிறுநீரகம், வெளியே நன்றாகக் கழுவித் துடைத்த முழுத் தொடை எலும்பு. இவை இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனையைக் கேட்காமல் இருப்பதே மேல்.

கனடாவின் ஒன்ராறியோவில் மூழ்கி இறந்த 771 பேரை வைத்து 1997இல் வெளியான ஆய்வொன்றில், டயட்டம் பரிசோதனை 28 சதவீதத்தினரில்தான் சாதகமாக வந்தது. இந்த ஒரு எண்ணைச் சட்டத்தரணிகள் மனதில் வைத்திருக்கவேண்டும். டயட்டம் கிடைக்கவில்லை என்றால் மூழ்கவில்லை என்று அர்த்தம் ஆகாது. உண்மையில் மூழ்கியவர்களில் பெரும்பான்மையினருக்கே அது கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதை வைத்து ஒருவரைக் கொலைக் குற்றச்சாட்டில் நிறுத்துவது பெரிய அநியாயம்.

இன்னொரு விஷயம், நீரின் தன்மை. கல்லில் மோதி ஓடும் ஓடையில் டயட்டம் பெரும்பாலும் கல்லோடு ஒட்டி வாழும். நீரில் மிதப்பது குறைவு. பீலியிலும் கிணற்றிலும் இன்னும் குறைவு. தேங்கி நிற்கும் நீர்த்தேக்கத்தில் மிதக்கும் வகைகள் அதிகம். ஆகவே பீலிக்கரையில் இறந்தவருக்கு டயட்டம் பரிசோதனை கேட்பதில் பயன் சொற்பம். காசல்ரீயில் இறந்தவருக்குக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதோடு எந்த இடத்தில் நீருக்குள் போனார் என்பதற்கும் துப்புக் கிடைக்கலாம்: ஓயாவின் கல்லொட்டி வகைகள் மச்சையில் இருந்து, உடல் கிடைத்த நீர்த்தேக்கத்தின் மிதவை வகைகள் இல்லை என்றால், அவர் மேலே எங்கோ விழுந்து கீழே வந்திருக்கிறார். காசல்ரீ, நோர்ட்டன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நீர்த்தேக்கங்கள் இருக்கும் எங்கள் நாட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எழக்கூடியது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த இடத்து நீர் வேண்டும். சுத்தமான போத்தலில் ஒரு லீற்றர், உடல் கிடைத்த இடத்திலும் விழுந்ததாகச் சொல்லும் இடத்திலும், அன்றைக்கே. ஒரு மழை பெய்தால், ஒரு வான்கதவு திறந்தால், நீர் மாறிவிடும். இதற்குப் பணம் தேவையில்லை, பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் செய்யக்கூடிய வேலை. வைத்தியர்தான் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளவேண்டும். அந்தப் போத்தல் இல்லாமல் வரும் டயட்டம் அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் பார்ப்பேன். எத்தனை டயட்டம் கிடைத்தால் போதும் என்பதில் ஆய்வகங்களுக்கிடையே ஒரே வரம்பு இல்லாததால், எண்ணிக்கையைவிட அந்த இடத்து நீரோடு வகைகள் பொருந்துவதே வலுவான வாதம்.

மற்றத் தெரிவுகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இதயத்தின் இடப்பக்க, வலப்பக்க இரத்தத்தில் குளோரைட்டை அளந்து ஒப்பிடும் முறையை நியூயோர்க்கின் அலெக்சாண்டர் கெட்லர் 1921இல் முன்வைத்தார். நன்னீர் உள்ளே போனால் இடப்பக்கம் ஐதாகும் என்பது கணக்கு. இறந்தபின் இரத்தத்தின் உப்புகள் தாமாகவே இடம்மாறுவதாலும், மூழ்குபவர் உள்ளிழுக்கும் நீர் பெரும்பாலும் அந்த அளவுக்கு இல்லை என்பதாலும் இன்று யாரும் அதை நம்பி முடிவு சொல்வதில்லை. சி.டி. ஸ்கேன் எலும்பறைத் திரவத்தையும் நுரையீரலின் மங்கலையும் அழகாகக் காட்டும். ஆனால் அந்தக் காட்சி மூழ்குதலுக்கு மட்டும் உரியதல்ல. உயிருள்ள நோயாளிகளே வரிசையில் காத்திருக்கும் இயந்திரத்தை, உளியும் ஊசியும் தரக்கூடிய தகவலுக்காகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பி.சி.ஆர். மூலம் நீர்வாழ் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யைத் தேடும் வேலை ஜப்பானில் நன்றாக வளர்ந்திருக்கிறது. இங்கே அன்றாட வழக்குக்கு அது இன்னும் தூரம்.

அப்போ எந்த மரணத்துக்கு எதைத் தெரிவுசெய்வது? ஒரு நாளுக்குள் கிடைத்த உடலுக்கு, முழுப் பிரேத பரிசோதனையும் நஞ்சு மாதிரிகளும் நுரையீரல் துண்டும் போதும். இதயத்தையும் மூளையையும் பார்க்காமல் மூடக்கூடாது. மூழ்கியும் நுரையீரல் உலர்ந்திருப்பவர்கள் 10 முதல் 15 சதவீதம் என்று பழைய நூல்கள் சொல்லும். அவர்களில் ஒரு பகுதியினர் நீரில் விழும் முன்பே இதயம் நின்றவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் இப்போது வலுத்திருக்கிறது. 2002இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த, நீரில் மூழ்குதல் பற்றிய உலக மாநாடும் 'உலர் மூழ்குதல்' என்ற பிரிவைக் கைவிடச் சொன்னது. நுரையீரல் சாதாரணமாக இருந்தால் முதலில் இதயத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

நீர்த்தேக்கத்தில் பல நாள் கிடந்து அழுகிய உடலுக்குத்தான் டயட்டம் பரிசோதனையின் உண்மையான இடம். நுரை போய்விட்டது, நுரையீரல் கரைந்துவிட்டது, ஆனால் சிலிக்கா ஓடு அழுகாது, தொடை எலும்பும் மூடியே இருக்கிறது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் போனவர்களுக்கு வேறு வழி. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது எத்தனை குடும்பங்கள் சேற்றுக்குள் போயின என்பதை நாங்கள் மறக்கமாட்டோம். அப்படிப்பட்ட மரணங்களில் சிறிய மூச்சுக்கிளைகள் வரையும் சிறுகுடல் வரையும் சேறு போயிருக்கிறதா என்பது முக்கியம். மண் அழுத்தி மார்பு அசைய முடியாமல் இறந்தாரா, சேற்றுநீரை இழுத்து இறந்தாரா, காயத்தால் இறந்தாரா என்பதைப் பிரிக்க அது உதவும்.

இந்தப் பரிசோதனைகள் எதுவும் 'தள்ளினார்களா, விழுந்தாரா, தானே இறங்கினாரா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. உயிரோடு நீருக்குள் போனார் என்பதோடு மருத்துவம் நின்றுவிடும். மிச்சத்தை நகத்துக்குள் இருக்கும் தோல், கழுத்தின் ஆழத் தசை, உடைந்த வளையல், கடைசித் தொலைபேசி அழைப்பு ஆகியவைதான் சொல்லவேண்டும். குடும்பத்தினர் டயட்டம் அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, அது வந்ததும் கொலையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று நம்புவதைக் காணும்போது மனம் கனக்கிறது. யாராவது முதல் நாளே அவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

சான்றுகள் போதாதபோது 'மரணத்துக்கான காரணம் உறுதிப்படுத்த முடியவில்லை' என்று எழுதும் வைத்தியரைச் சோம்பேறி என்று நினைக்கவேண்டாம். 'மூழ்கினார்' என்று எழுதினால் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். நஞ்சு அறிக்கை வரும்வரை முடிவை ஒத்திவைப்பவர்தான் இறந்தவருக்கு நியாயம் செய்கிறார்.

குடும்பத்துக்கு இருக்கும் ஒரு தெரிவும் இதோடு சேர்ந்தது. சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் தகனம் வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். பிறகு நீதவான் உத்தரவிட்டால் உடலைத் தோண்டி எடுக்கலாம். எலும்பு மச்சை மாதக்கணக்கில் பயன்படக்கூடும். தோண்டும்போது உடலுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மண்ணிலும் டயட்டம் உண்டு, பெட்டி உளுத்திருந்தால் எலும்புவரை வந்திருக்கும். அந்த மண்ணின் வகைகளும், முதல் நாள் போத்தலில் எடுத்துவைத்த நீரின் வகைகளும் இரண்டும் கையில் இருந்தால்தான், மச்சையில் கிடைத்தது எங்கிருந்து வந்தது என்று ஆய்வகத்தால் சொல்ல முடியும்.